பாட்டுக்குப் பட்டா

தானே எழுதுவார், தானே மெட்டுப் போடுவார், தானே பாடுவார், கையில் கிட்டாரும் உண்டு. அப்படி ஒரு நாட்டுப்புறப் பாடகர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

கல்லூரிப் பிள்ளைகள் பாப் டிலன் என்பார்கள். அதில் பாதிப் பேர் அவரை டி-ஷர்ட்டில் மட்டும் பார்த்தவர்கள் என்பது வேறு விஷயம். உள்ளூரில் தேடினால் பரவை முனியம்மா, கொல்லங்குடி கருப்பாயி என்று பெயர்கள் வரும். பாட்டு இருக்கும், குரல் இருக்கும், கிட்டார் இருக்காது.

நான் சொல்லும் பெயர் இளையராஜா.

‘அட, அவர் சினிமா மியூசிக் டைரக்டராச்சே!’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்தவர், லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியவர். அவரைக் கொண்டுபோய்த் தெருப் பாடகர்கள் வரிசையில் நிறுத்தலாமா? நிறுத்தலாம் என்பதுதான் என் கட்சி. அந்த வரிசையில் நிறுத்திப் பார்த்தால்தான் இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. ஒன்று, அவர் பாட்டு ஏன் ஐம்பது வருஷமாக நம் ஊர் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டு, அவர் ஏன் இத்தனை வயதில் கோர்ட்டு, நோட்டீஸ் என்று அலைந்துகொண்டிருக்கிறார். இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்துக்குப் போக மதுரை ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் ஏற வேண்டும். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று தாண்டிப் போனால் உத்தமபாளையம் பக்கம் பண்ணைப்புரம். இப்போது தேனி மாவட்டம். 1943-இல் ராசையா அங்கே பிறந்தபோது அது மதுரை மாவட்டம். அன்றைய மதுரை மாவட்டம் என்பது திண்டுக்கல்லையும் கம்பம் பள்ளத்தாக்கையும் சேர்த்து விழுங்கிய பெரிய பிரதேசம். அந்தப் பிரதேசம் முழுக்க, மலை ஏறிக் கேரளத்துத் தேயிலைத் தோட்டம் வரைக்கும், செங்கொடி மேடைகளில் பாடிக்கொண்டு திரிந்தவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன்.

பாவலர் செய்தது எளிமையான வேலை. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டை எடுத்துக்கொள்வார். அது நடவுப் பாட்டாக இருக்கலாம், அந்த வாரம் டூரிங் டாக்கீஸில் ஓடுகிற சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம். பழைய வார்த்தைகளைக் கழற்றிவிட்டுக் கூலி, விலைவாசி, நிலம், எலெக்‌ஷன் என்று புது வார்த்தைகளை மாட்டிவிடுவார். மெட்டு தெரிந்தது என்பதால் இரண்டாவது தடவை பாடும்போதே கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ராசையா, பாஸ்கர், அமர்சிங் மூன்று தம்பிகளும் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். அமர்சிங்தான் நமக்குத் தெரிந்த கங்கை அமரன்.

1958-இல் கேரளத்தில் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் ஆட்சி மெல்லிய பெரும்பான்மையில் நின்றிருந்த நேரம். ஓட்டுப் போடப் போகிறவர்களில் ஏராளமானவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பாவலர் பாடினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதாக இன்றைக்கும் அந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். ராசையாவுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை.

தெருமேடைக்கு ஒரு குணம் உண்டு. கேட்பவனுக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் எடுத்தவன் பிடிக்காவிட்டாலும் கொடுத்த காசுக்காக உட்கார்ந்திருப்பான். டிக்கெட் எடுக்காதவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். அவனை நிறுத்தி வைக்கப் பாடகனுக்குக் கிடைப்பது முதல் வரி மட்டும்தான். இளையராஜாவின் பல்லவிகளை யோசித்துப் பாருங்கள். முதல் நாலு சொல் காதில் விழுந்ததும் மீதி தானாக வாயில் வந்துவிடுகிறது இல்லையா? அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது எந்த இசைக் கல்லூரியும் இல்லை. துண்டை உதறத் தயாராக நின்ற அந்த ஆள்தான்.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் வுடி கத்ரி என்று ஒரு பாடகர். தொழிலாளர் கூட்டங்களில், வேலை தேடி ஊர் ஊராக அலைந்த ஏழைகள் நடுவில், கிட்டாரை வைத்துக்கொண்டு பாடியவர். அவரும் பாவலர் மாதிரிதான். ஏற்கெனவே ஊரில் புழங்கிய மெட்டை எடுத்துப் புது வார்த்தை போடுவார். அவருடைய ஆகப் பிரபலமான பாட்டின் மெட்டே கார்ட்டர் குடும்பம் என்ற நாட்டுப்புறக் குழுவினரின் பழைய பாட்டிலிருந்து வந்ததுதான். 1961-இல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கத்ரியைத் தேடிப் போய்ப் பார்த்த இருபது வயதுக்குள்ளிருந்த பையன் பெயர் பாப் டிலன். அங்கே கத்ரிக்கு டிலன். இங்கே பாவலருக்கு ராசையா. டிலன் பிறந்தது 1941, ராசையா 1943. வயதில்கூட அதிக வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், டிலனுக்குக் கிட்டார் ஊரிலேயே கிடைத்தது. நம்முடையவருக்கு ஊரில் கிடைத்தது ஆர்மோனியம். கிட்டாருக்கு அவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது.

1960-களின் கடைசியில் அண்ணன் தம்பிகள் சென்னைக்கு வந்தார்கள். தன்ராஜ் மாஸ்டர் என்ற மனிதரிடம் ராசையா மேற்கத்திய இசை கற்றார். நோட்ஸ் எழுதக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதித் தேறினார். பிறகு பிழைப்புக்காக மற்றவர்கள் இசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தார். சலில் சௌத்ரியின் பாடல்களுக்கு வாசித்தவர்களில் அவரும் ஒருவர். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். அப்புறம்தான் 1976. கதாசிரியர் செல்வராஜ் அழைத்துப் போக, பஞ்சு அருணாசலம் வாய்ப்புக் கொடுக்க, ‘அன்னக்கிளி’. அதைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை.

இங்கே வழக்கமாக ஒரு வாக்கியம் சொல்வார்கள். ‘தமிழ் சினிமாவுக்கு நாட்டுப்புற இசையைக் கொண்டுவந்தவர் இளையராஜா.’ எந்த விழா மேடையிலும் கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. கே.வி.மகாதேவன் 1957-லேயே ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் கிராமத்து மெட்டுக்களைப் பாடவைத்துவிட்டார். விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் ‘பாகப்பிரிவினை’ 1959. எம்.எஸ்.வி.யின் ‘பட்டிக்காடா பட்டணமா’ 1972. இவையெல்லாம் கிராமம் இல்லையா? இளையராஜாவுக்கு இல்லாத பெருமையைக் கொடுத்து, அவருக்கு உண்மையிலேயே உள்ள பெருமையை மறைக்கிற வாக்கியம் அது.

உண்மையான பெருமை எது? என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

நம் ஊர் கிராமத்து மெட்டு மிகச் சின்னது. நாலைந்து ஸ்வரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். வயலில் நடவு நடுகிறவர்களுக்கு அது போதும், கைக்கு வேலை இருக்கிறது. தாலாட்டுக்கும் போதும், பிள்ளை தூங்கினால் சரி. ஆனால் சும்மா உட்கார்ந்து கேட்கிறவனுக்கு மூன்றாவது தடவை அலுத்துவிடும். இதற்கு முன்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், மெட்டைக் கொஞ்சம் அலங்கரித்தார்கள், ராகத்தின் பக்கம் நகர்த்தினார்கள், நடுவில் தவிலோ உறுமியோ போட்டார்கள்.

இளையராஜா மெட்டை அப்படியே விட்டுவிட்டார். மெட்டுக்குக் கீழே இருக்கிற தரையை மாற்றினார். அதாவது, கிட்டாரின் கார்டு. மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டினால் ஒரு கார்டு. பாடுகிறவர் அதே வரியை அதே மாதிரிதான் பாடுவார். முதல் தடவை கீழே ஒரு கார்டு, இரண்டாவது தடவை வேறு ஒன்று. அதே வரி முதலில் கொஞ்சலாகக் கேட்டது, இப்போது ஏக்கமாகக் கேட்கும். வார்த்தை மாறவில்லை, மெட்டு மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது! அதற்கும் கீழே பேஸ் கிட்டார் தன் பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு நடக்கும். பாவலர் பழைய மெட்டுக்கு மேலே புது வார்த்தை போட்டார். தம்பி பழைய மெட்டுக்குக் கீழே புது இசை போட்டார். இரண்டும் ஒரே தொழில்தான். ஜனங்களுக்குத் தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாததைச் சொல்வது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ் சினிமாவில் அதுவரை கிட்டார் என்பது ஒரு ‘கேரக்டர்’. கிளப் டான்ஸில் வரும். ஆங்கிலோ இந்தியப் பாத்திரத்தின் தோளில் தொங்கும். பணக்கார வீட்டுப் பையன் பிறந்தநாள் பார்ட்டியில் கையில் வைத்திருப்பான். ஜிப்பாவும் வேட்டியும் கட்டியவன் பக்கத்தில் கிட்டார் வராது. ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’, ‘முதல் மரியாதை’ படங்களை மறுபடி போட்டுப் பாருங்கள். திரையில் ஆடு, வயல், ஆற்றங்கரை. கிட்டார் கண்ணில் தென்படாது. காதில் மட்டும் விழும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இது கிட்டார் என்று தெரியாமலேயே வாழ்நாள் முழுக்கக் கிட்டாரைக் கேட்டு ரசித்திருக்கிறார். மேல்நாட்டு வாத்தியம் ஒன்று விசா இல்லாமல் கிராமத்துக்குள் வந்து குடியேறி, ரேஷன் கார்டும் வாங்கிவிட்டது.

நகரத்துப் பாட்டில் அதே கிட்டாரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய நூறாவது படம் ‘மூடுபனி’, 1980. அன்னக்கிளிக்கு நாலே வருஷத்தில் நூறு என்பதைக் கவனியுங்கள். அதில் ஜேசுதாஸ் பாடும் பாட்டு கிட்டாரில் தொடங்கும். இன்றைக்கும் கிட்டார் வகுப்பில் சேர்கிற பையன் முதலில் வாசித்துக்காட்ட ஆசைப்படுவது அதைத்தான். அல்லது 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யின் நிலாப் பாட்டு. வாசித்தவர்கள் அவர் குழுவின் கலைஞர்கள். சதானந்தம், சந்திரசேகர், பேஸ் கிட்டாருக்கு சசிதரன். இந்தப் பெயர்களைக் கேசட் அட்டையில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கிட்டார் ஆச்சு. குரலுக்கு வருவோம்.

இளையராஜாவின் குரல் நல்ல குரலா? எஸ்.பி.பி., ஜேசுதாஸ், மலேசியா வாசுதேவன் என்று குரல் ராஜாக்கள் வரிசையில் வைத்தால் இல்லை. கொஞ்சம் மூக்கில் பேசுகிற குரல். மேல் ஸ்தாயியில் நெருக்குகிற குரல். ஆனால் ‘நாயகன்’ படத்தில் அந்தத் தாலாட்டைக் கேட்கும்போது வேறு யாராவது பாடியிருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு தடவையாவது தோன்றியிருக்கிறதா? பயிற்சி பெற்ற குரல் பாட்டைப் பாடும். இவருடைய குரல் பாட்டைச் சொல்லும். தெருமேடையில் பாடிப் பழகியவர்களுக்கு மட்டும் வருகிற தொனி அது. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். ‘தாய் மூகாம்பிகை’யின் அம்மன் பாட்டு இன்று கோயில் ஒலிபெருக்கிகளில் பக்திப் பாடகர்களோடு சரிசமமாக உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

வார்த்தைக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. 1985-இல் ‘இதயக் கோவில்’ படத்துக்கு அவர் ஒரு பாட்டு எழுதினார். 1992-இல் ‘நாடோடித் தென்றல்’ பாடல்களை அவரே எழுதினார். வெண்பாவும் எழுதுவார். சும்மா சொல்லக் கூடாது, சந்தத்தில் சறுக்கல் இருக்காது. மெட்டுப் போட்டவரே எழுதுவதால் சொல் வந்து சரியாக உட்காரும். ஆனால் பாவலரின் தம்பியிடம் நாம் எதிர்பார்க்கிற அந்தக் குத்தல், எதிரே நிற்பவனைப் பார்த்துப் பேசுகிற அந்த வேகம், பெரும்பாலான பாடல்களில் இல்லை. ஆளைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் ஆத்மாவைப் பற்றி எழுதிவிடுகிறார். அண்ணனின் பாட்டில் ஒரு எதிரி இருந்தான். தம்பியின் பாட்டில் கடவுள் இருக்கிறார். செங்கொடி மேடையில் தொடங்கிய பயணம் 2022-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆச்சரியப்பட்டவர்கள் அவருடைய வரிகளைக் கவனிக்காதவர்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. 2023-இல் வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகத்தில், ஏறக்குறைய எண்பது வயதில், அவரே எழுதி அனன்யா பட்டோடு சேர்ந்து பாடிய காட்டுமல்லிப் பாட்டு. சின்ன மெட்டு, சின்னச் சொற்கள், மலைப்பாதையில் யாரோ நடந்துகொண்டே பாடுகிற மாதிரி. தத்துவம் கிடையாது. பண்ணைப்புரத்துப் பையன் திரும்ப வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. இப்படி இன்னும் ஐம்பது எழுதியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமையும் வந்தது.

இப்போது கஷ்டமான பகுதி. கோர்ட்டு.

2017 மார்ச் மாதம், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனது. என் பாடல்களை என் அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று. தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்த நண்பர்கள் இருவரும் பிறகு சமாதானமாகி 2019-இல் ஒரே மேடையில் நின்றார்கள் என்பது ஆறுதல். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய பாடல்கள் மீது அவருக்குள்ள தார்மீக உரிமையை ஒப்புக்கொண்டது. 2024-இல் மேல்முறையீட்டில், வரிகள் இல்லாமல் பாட்டு ஏது, எழுதியவரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. அதே வருஷம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு ஒலித்ததற்கு ஒரு நோட்டீஸ். ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் கேட்பது ஒரே கேள்வி: ‘இவ்வளவு சம்பாதித்த மனுஷனுக்கு எதற்கு இது?’

நான் படித்தது பி.காம். எனக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. ஒருவனுக்கு வர வேண்டிய பணத்தை அவனிடம் ஏற்கெனவே பணம் இருக்கிறது என்று காரணம் காட்டி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தள்ளுபடி செய்ய முடியாது.

கொஞ்சம் சட்டம் பார்ப்போம். சினிமாவுக்காகப் போட்ட பாட்டு தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘16 வயதினிலே’ வந்ததும் அதே வருஷம்தான். அந்தத் தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவனின் உரிமையைப் பற்றி நம் சட்டம் யோசிக்கவே இல்லையே, பாராளுமன்றம் யோசிக்கக் கூடாதா என்கிற தொனியில். யார் இந்தக் கிருஷ்ணய்யர்? 1957-இல் அமைந்த ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சர். பாவலர் தேவிகுளத்தில் பாடி ஓட்டுக் கேட்டாரே, அதே ஆட்சி. கதை எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

பாராளுமன்றம் யோசிக்க முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. 2012 திருத்தச் சட்டத்தில்தான் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு என்று வந்தது. நடுவில் போன காலம்தான் இளையராஜாவின் பொற்காலம். நான் கல்லூரியில் படித்தபோது மதுரையில் தெருவுக்கொரு ரெக்கார்டிங் சென்டர். பேப்பரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து சாயங்காலம் கொடுப்பார்கள். பன்னிரண்டில் பத்து ராஜா பாட்டு. கேசட் விற்றவருக்கு லாபம், பதிந்தவருக்குக் கூலி, எனக்குப் பாட்டு. மெட்டுப் போட்டவர் பெயரில் வரவு: பூஜ்யம். அமெரிக்காவில் டிலன் 2020-இல் தன் பாடல்களின் உரிமையை விற்றபோது விலை 30 கோடி டாலருக்கு மேல் இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. விற்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும் இல்லையா? டிலன் கையில் இருந்தது. நம்மவர் கையில் இல்லை. அதனால்தான் அவர் வியாபாரம் பேசினார், இவர் வக்கீலிடம் பேசுகிறார்.

ஆகவே அவர் கேட்பது நியாயம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. கிராமத்தில் நிலம் இரண்டு வகை. பட்டா நிலம், புறம்போக்கு நிலம். பட்டா நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, வேலி உண்டு. புறம்போக்கு ஊர்ப் பொது. ஆடு மாடு மேயலாம், பிள்ளைகள் விளையாடலாம். நாட்டுப்புற மெட்டு என்பது புறம்போக்கு. யாரோ ஒரு பாட்டி தொடங்கிவைத்தது, நூறு வாய் மாறி வந்தது. பாவலர் அந்தப் புறம்போக்கில் மேடை போட்டார். போதாதென்று அடுத்தவர் பட்டா நிலத்திலும், அதாவது சினிமா மெட்டிலும், உரிமையாய் நுழைந்து பாடினார். அன்றைக்கு எந்த இசையமைப்பாளராவது பாவலருக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் நமக்கு இளையராஜா கிடைத்திருக்க மாட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடியிருப்பார்கள்.

புறம்போக்கில் வீடு கட்டியதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. அங்கே அரண்மனையே கட்டினார், அது அவர் உழைப்பு. கார்டும் பேஸும் கோரஸும் அவர் போட்ட கல், அவர் போட்ட சாந்து. ஆனால் மண்?

1985-இல் ‘ஆண் பாவம்’ வந்தது. பாண்டியராஜன் இயக்கம், இளையராஜா இசை. அதில் சிவகங்கைப் பக்கத்து கொல்லங்குடி கருப்பாயி பாட்டியாக நடித்தார், தன் சொந்தக் குரலில் பாடவும் செய்தார். வயலில் பாடிப் பழகிய குரல். மெருகு கிடையாது, மைக்குக்கு அடங்காது. ஊர் ஊராகச் சிரித்துக் கொண்டாடினார்கள். அப்படி ஒரு குரலை அந்த மேடையில் நிறுத்தியதற்கு அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஆயிரம் படங்களில் இப்படி எத்தனை தடவை நடந்தது? கிராமத்துப் பாட்டு என்றால் ஜானகி, சித்ரா, வாசுதேவன். அற்புதமான பாடகர்கள், மறுப்பே இல்லை. மெட்டு கிராமத்திலிருந்து வந்தது. அதை வாயில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்திலேயே நின்றுவிட்டார்கள். பரவை முனியம்மாவை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது 2003-இல் வித்யாசாகர் இசையில் வந்த ‘தூள்’. 2020-இல் முனியம்மா போனார். 2025-இல் கருப்பாயி போனார். கடைசிக் காலத்தில் இருவருக்கும் சேர்ந்தது உதவித்தொகை. ராயல்டி இல்லை. உதவி என்பது கொடுப்பவர் மனசு. ராயல்டி என்பது வாங்குபவர் பாத்தியதை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் இளையராஜா கோர்ட்டில் அளந்துகொண்டிருக்கிறார்.

அதனால் அவரே அளக்க வேண்டிய இன்னொரு தூரமும் இருக்கிறது. இந்த விஷயத்தில் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. புறம்போக்குக்குச் சொந்தக்காரர் இல்லை, வழக்குப் போட யாரும் வர மாட்டார்கள். வர மாட்டார்கள் என்பதாலேயே இது நீதி சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. ஒரு பாட்டுப் பட்டியலில் ‘நாட்டுப்புற மெட்டைத் தழுவியது’ என்று ஒரு வரி. கிட்டார் வாசித்தவர், உறுமி அடித்தவர் பெயர்கள். கிராமத்து மெட்டுப் பாடல்களிலிருந்து வரும் ராயல்டியில் ஒரு சிறு பங்கு, கருப்பாயி மாதிரிப் பாடகர்களுக்கு, உதவியாக அன்றி உரிமையாக. கோடி கோடியாய்க் கொட்டிக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்புத் திறக்கச் சொல்கிறேன். அவர் ஒருவர் செய்தால் போதும், மற்ற இசையமைப்பாளர்களும் கம்பெனிகளும் தப்பிக்க முடியாது. அவர் பேச்சுக்கு அப்படி ஒரு கனம் உண்டு.

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க, ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 81. ஆர்மோனியப் பெட்டியோடு மலையேறிப் போன பையன் சிம்பொனி எழுதி அரங்கேற்றினார். அதற்குள் அறுபத்தேழு வருஷம். இந்த நாட்டில் இத்தனை நீளமான பாட்டு வாழ்க்கை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? பெருமைப்படுவோம். அவர் கேட்கிற பட்டாவையும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவோம். உழைத்தவர் பேரில்தான் பட்டா இருக்க வேண்டும்.

ஆனால் எந்தப் பட்டாவிலும் நாலு எல்லை எழுதுவார்கள். வடக்கே யார் நிலம், தெற்கே யார் நிலம் என்று. ராஜாவின் பட்டாவில் ஒரு பக்கம் தியாகராஜர் இருக்கட்டும், ஒரு பக்கம் பாக் இருக்கட்டும். ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை 1986-இல் அவர் அந்த இரண்டு பேருக்கும்தான் சமர்ப்பித்தார். மூன்றாவது பக்கம் அண்ணன் பாவலர். நாலாவது பக்கத்தில், பேர் தெரியாத அந்த நடவுக்காரப் பாட்டியின் பேரையும் எழுதிவிட்டால் பத்திரம் சுத்தமாகிவிடும்.